உங்களுக்குத் தெரியுமா? மேயரே இல்லாத பெரிய ஊர்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 88 நகரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நகரமன்றம் உண்டு. ஆனால் அதே கவுண்டியில் லட்சம் பேருக்கு மேல் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை! மேயர் கிடையாது, நகரமன்றம் கிடையாது. சாலை, காவல், கட்டட அனுமதி எல்லாமே கவுண்டியின் கையில். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் அந்தக் கவுண்டியை நிர்வகிப்பவர்கள் ஐந்தே மேற்பார்வையாளர்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் அந்த நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். தனி நகரமாக வேண்டும் என்று கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். வரி வருவாய் போதாது என்று 2012-இல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவர்கள் கேட்டது நியாயமான உரிமை. கவுண்டி நிர்வாகத்திலோ, மேற்பார்வையாளர் எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்த்த 2024-இல் கவுண்டி வாக்காளர்கள் ஒப்புதல் தந்தனர்.