விரிசலுக்குள் விளையும் சுண்ணாம்புக்கல்

திருநெல்வேலி அருகே தாழையூத்தில் 1949 முதல் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமெண்ட் ஆக்குகிறார்கள். பாக்டீரியா செய்வது அதன் மறுதலை: கான்கிரீட்டின் விரிசலுக்குள் சுண்ணாம்புக்கல்லை மறுபடி விளைவிக்கிறது.

இந்தப் பாக்டீரியா கான்கிரீட்டைச் செய்யப் புகுமுன் ஒன்றை முடிவுசெய்ய வேண்டும். வலிமை வேண்டுமா, விரிசல் அடைபட வேண்டுமா? இரண்டும் ஒரே கலவையில் கிடைக்கும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்டீரியாவைக் கலவைத் தண்ணீரிலேயே ஊற்றினால் நுண்துளைகள் அடைபட்டு, சோதனைக் கியூப் சற்று வலுக்கும். ஆனால் சிமெண்ட் இறுக இறுகத் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே சுருங்கி, உள்ளிருக்கும் பாக்டீரியா வித்துகள் (ஸ்போர்கள்) சில மாதங்களில் நசிந்துபோகும். விரிசலோ வருடங்கள் கழித்தும் வரும். வித்துகளை உப்பிய களிமண் உருண்டைக்குள் வைப்பது நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஆய்வாளர் ஹெங்க் யோங்கர்ஸ் கண்ட வழி. உருண்டைக்கு ஜல்லியின் திடம் கிடையாது. உருண்டை கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். எங்கள் தாமிரபரணிப் பாசனத்துக்கு விரிசல் அடைபடும் கான்கிரீட்தான் தேவை என்பதால் இந்த வழியையே சொல்கிறேன்.

காரத்தைத் தாங்கும் பேசில்லஸ் இனம் வேண்டும். புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12-ஐத் தாண்டும். அதை வளர்க்கும் ஊடகத்தை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஆறிய பிறகே பாக்டீரியாவை இடுங்கள். இங்கே அவசரப்பட்டால் வேறெதுவோ வளரும். ஷேக்கரில் ஊடகம் கலங்கி வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. சத்து தீர்ந்து அவை வித்தாக மாறச் சில நாள் பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் மாறாதவை செத்து, வித்துகள் மட்டும் மிஞ்சும்.

வித்துகளையும் அவற்றுக்கு உணவாகும் கால்சியம் லாக்டேட்டையும் உருண்டைகளில் ஊறவைத்து உலர்த்துங்கள். எம்-சாண்ட், ஜல்லி, சிமெண்ட், 28 நாள் க்யூரிங் எல்லாம் வழக்கம்போலத்தான்.

விரிசல் விழும்போது உருண்டையும் உடையும். தண்ணீரும் காற்றும் பட்டதும் வித்து முளைத்து லாக்டேட்டைத் தின்னும். ஒரு மூலக்கூறு கால்சியம் லாக்டேட்டுக்கு நேராக ஒரு கால்சியம் கார்பனேட் கிடைக்கும். கூடவே வெளியேறும் ஐந்து கரியமில வாயு மூலக்கூறுகள் சிமெண்டில் மிச்சமுள்ள சுண்ணாம்போடு சேர்ந்தால் இன்னும் ஐந்து. ஆக்சிஜன் செலவாவதால் கம்பி துருப்பிடிப்பதும் தள்ளிப்போகும்.

டெல்ஃப்டிலிருந்து 2011-இல் வெளியான சோதனையில், 100 நாள் நீரில் கிடந்தபின் 0.46 மி.மீ. வரையுள்ள விரிசல்கள் அடைபட்டன. பாக்டீரியா இல்லாத துண்டுகளில் 0.18 மி.மீ. வரைதான். தண்ணீர் படாத வீட்டுச் சுவருக்கு இது வீண்செலவு. பாரம் தாங்காமல் வெடித்த தூணுக்கும் மருந்தல்ல. குடிநீர்த் தொட்டிக்கும் வாய்க்கால் கரைக்கும் பொருந்தும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன், தாமிரபரணியின் பாளையங்கால்வாய் காய்ந்து கிடக்கும் கோடையில் ஒரு துண்டு போட்டுப் பார்க்கலாம். ஒப்பிட, பக்கத்திலேயே பாக்டீரியா சேர்க்காத துண்டு ஒன்றும் வேண்டும்.