தமிழின் வடபுல உறவினர்

ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டினுள் நுழைவோமாயின் மேசையையும் அலுமாரியையும் காண்போம். வாயிலிற் சப்பாத்து இருக்கும். வீட்டுக்காரர் கந்தோருக்குச் சென்றிருப்பார். முதல் மூன்றும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். நான்காவது ஒல்லாந்தர் தந்தது. இவற்றைக் கொண்டு தமிழும் போர்த்துக்கேயமும் உறவுமொழிகள் என எவரும் கூறார். சொல் கடல் கடந்து வரும். ஆதலின் மொழியுறவை ஆராய்வோர், எளிதிற் கடன்படாத மூவிடப்பெயர், உறுப்புப்பெயர் முதலியவற்றையும், அவற்றுள் ஒலிகள் ஒழுங்காகத் திரிந்துள்ள முறையையுமே முதலில் நோக்குவர்.

இவ்வாறு நோக்கித் தமிழுக்கு உறவென்று துணியப்பட்டவற்றுள் மூன்று, வடக்கே நெடுந்தொலைவில் வழங்குவன. சோட்டா நாகபுரிப் பகுதியில் ஒராவன் மக்கள் பேசுவது குருக்கு; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம். இராசமகால் மலைகளில் வழங்குவது மால்தோ. மூன்றாவதாகிய பிராகுயியோ பாக்கித்தானின் பலூச்சித்தானத்தில், கலாத்தைச் சூழ்ந்த பகுதியிற் பேசப்படுவது.

பிராகுயியில் ‘நீ’ என்பது நீயே. ஒன்று, இரண்டு, மூன்று என்பன அசிட், இரட், முசிட் என வரும். நான்கு முதல் அயலாரிடம் கடன்பட்ட எண்கள். குருக்கிலும் மால்தோவிலும் கேட்போரை உளப்படுத்துவது ‘நாம்’, விலக்குவது ‘ஏம்’. எங்கள் மாணவர் இலக்கண வகுப்பில் வருந்திக் கற்கும் இவ்வேறுபாடு அம்மலைச் சிறுவர்க்குத் தாய்ப்பாலோடு வருகின்றது! பிராகுயியில் இவ்வேறுபாடு இல்லை.

உறவு உறுதி. இம்மூன்றும் தம்முள் உடன்பிறந்தனவா என்பதே வினா. ‘கண்’ என்பதன் ககரம் இவற்றில் தொண்டையின் ஆழத்துக்குச் செல்கின்றது. பிராகுயியில் அஃது உரசொலியோடு ‘ஃகன்’ எனக் கேட்கும். நம் வகரம் இவற்றில் ஒலிப்புடைப் பகரமாகும்: ‘வாய்’ பிராகுயியில் ‘பா’, ‘வரு’ என்னும் வினையடி மூன்றிலும் ‘பர்’. 1962இல் எமனோ என்னும் அறிஞர் பிராகுயி பற்றி எழுதிய நூலுக்குப் பின் இம்மூன்றையும் ‘வட திராவிடம்’ என ஒரு கிளையாகக் கொள்ளும் கருத்து வலுவுற்றது.

ஆனால் கன்னடத்தைப் பாருங்கள். அங்கும் வாய் ‘பாய்’ ஆகின்றது. வா என்பது ‘பா’ ஆகின்றது. கன்னடத்தை எவரும் வட திராவிடத்திற் சேர்ப்பதில்லை. ஒரே திரிபு வெவ்வேறிடங்களிற் தனித்தனியே நிகழக்கூடும். இனி, நாம் ‘செவி’ என்பதைக் கன்னடர் ‘கிவி’ என்பர். பிராகுயியில் அது ‘ஃகப்’ என்பதுபோல் ஒலிக்கும். இங்கே திரிந்தது தமிழே! எனினும் பழைய ககர இனத்தைக் காத்தமை பற்றிக் கன்னடத்தையும் பிராகுயியையும் ஒரு கிளையில் வைத்தல் பொருந்தாது. கூடிக் காத்தது சான்றாகாது; கூடித் திரிந்ததே சான்று. மக்கால்பின் என்பார் 2003இல் இக்கிளையின் மீது ஐயம் எழுப்பியது, அவ்வாழ்ந்த ஒலியும் காக்கப்பட்ட பழமையே எனக் கருதியமையால்.

இவ்வழக்கு வெறும் பெயரிடல் அன்று, அன்பர்களே. சிந்துவெளியிற் பண்டு திராவிடர் வாழ்ந்தமைக்கு, இன்றும் அப்பக்கம் வழங்கும் பிராகுயியே சாட்சி என மேடைகளிற் பலமுறை கேட்டுள்ளேன். எல்ஃபென்பைன் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். பிராகுயியிலுள்ள ஈரானியச் சொற்கள் பெரும்பாலும் பிற்காலத்துப் பலூச்சியிலிருந்து வந்தவை. தொன்மையான ஈரானியப் படிவு அங்கில்லை. ஆகவே அம்மக்கள் பிற்பட்டே அங்குக் குடியேறினர் என்பது அவர் வாதம். சிந்துவெளி பற்றிய கொள்கை பிற சான்றுகளால் நிலைபெறலாம். இச்சாட்சியை மட்டும் நம்பி வழக்காடுதல் தகாது என்பதே என் கருத்து.

குருக்கும் மால்தோவும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதிற் பிணக்கில்லை. பிராகுயியை எங்கு வைப்பது என்பதே முடியாத வழக்கு. அதன் சொற்களுள் திராவிட மூலமுடையவை நூற்றுக்கு 15 அளவே என மதிப்பிடுவர். எஞ்சிய அச்சிலவற்றைக் கொண்டே ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர்.