சும்மா இருக்க விடுங்க சார்!

மத்தியானம் மூணு மணி. சாப்பிட்ட தயிர் சாதம் கண்ணைச் செருகுகிறது. ஃபேன் 'கிறீச்... கிறீச்...' என்று தாலாட்டுப் பாடுகிறது. ஜன்னலோர சீட்டுப் பையன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்து மேல் உட்கார்ந்திருக்கும் காக்காயையே வெறித்துக் கொண்டிருக்கிறான்.

நீங்கள்தான் செக்ஷன் ஹெட். என்ன செய்வீர்கள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். "என்னப்பா, காக்காய்க்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறியா?" என்று கேட்டேன். மொத்த செக்ஷனும் சிரித்தது. பையன் முகம் சிறுத்துப் போனது. அதோடு விட்டேனா? போன வருஷத்து வவுச்சர் கட்டு ஆறைத் தூக்கி அவன் மேஜையில் போட்டு, நம்பர் வரிசையில் அடுக்கச் சொன்னேன். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன!

அப்போது ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவை மேய்த்துக் கொண்டிருந்தேன். வயசு இருபத்தெட்டு. 'யாரையும் சும்மா உட்கார விடமாட்டான்' என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பாராட்டு என்றே நினைத்துக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றே மாசத்தில் பையன் ராஜினாமா கொடுத்துவிட்டான். கடைசி நாளன்று தயங்கித் தயங்கி வந்து, நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினான். பாங்க் ஸ்டேட்மெண்ட்டையும் எங்கள் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்க்க மாசாமாசம் எங்களுக்கு நாலு நாள் தாவு தீரும். எல்லாக் கிளை செக்குகளையும் ஒரே சலானில் மொத்தமாகக் கட்டுவதால், எந்தத் தொகை எங்கே போனது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். 'கிளைக்கு ஒரு சலான் போட்டு, அதன் நம்பரை கேஷ் புக்கில் குறித்து வைத்தால் போதும்' என்று தாளில் எழுதியிருந்தான். அடுத்த மாசமே செய்து பார்த்தோம். நாலு நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது!

"இதை எப்பப்பா யோசிச்சே?" என்று அன்றே கேட்டிருந்தேன்.

"அன்னிக்கு... அந்தக் காக்காயைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ சார்."

அன்றிலிருந்து இந்த 'போர்' என்கிற சமாசாரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

இங்கிலாந்தில் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் ஸாண்டி மான், ரெபேக்கா காட்மன் என்று இரண்டு பேர் செய்த ஆராய்ச்சி 2014-ல் வெளியானது. கொஞ்சம் பேரைப் பிடித்து உட்கார வைத்து, டெலிபோன் டைரக்டரியிலிருந்து நம்பர்களைக் காப்பி எடுக்கச் சொன்னார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல... கால் மணி நேரம்! அதற்கப்புறம் இரண்டு தெர்மகோல் கப்புகளைக் கொடுத்து, "இதை வைத்து என்னென்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். டைரக்டரி தண்டனை அனுபவிக்காத கோஷ்டியைவிட, போரடித்துப் போன கோஷ்டிதான் அதிக யோசனைகளை அள்ளி விட்டது.

அடுத்த சோதனை இன்னும் சுவாரஸ்யம். சிலருக்கு நம்பர்களை எழுதுகிற வேலை. சிலருக்கு வெறுமனே படிக்கிற வேலை. ஜெயித்தது படித்தவர்கள்தான். காரணம், எழுதும்போது கைக்கு வேலை, மனசு ஓட முடியாது. படிக்கும்போது கண் பாட்டுக்குக் கண் போகும், மனசு பாட்டுக்கு மனசு ஊர் சுற்றும். நான் அந்தப் பையனுக்குக் கொடுத்த வவுச்சர் வேலை எந்த ரகம் என்று புரிகிறதா?

மூளையின் கதையும் இதேதான். உடம்பு எடையில் அது சுமார் 2 சதவிகிதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை ஸ்வாஹா செய்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இந்த பில் பெரிதாகக் குறைவதில்லை. வெளி வேலை இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் சேர்ந்துகொண்டு சுறுசுறுப்பாவதை, 2001-ல் மார்க்கஸ் ரெய்க்லி என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் எடுத்துச் சொன்னார்கள். பழைய நினைவைக் கிளறுவது, நாளைக்கு நடக்கப் போவதைக் கற்பனை செய்வது எல்லாம் அந்தப் பகுதிகளின் டிபார்ட்மெண்ட்.

ஆனால், சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதே 2014-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு கூத்து பண்ணினார்கள். கால் மணி நேரம் அறையில் தனியாக யோசித்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் லேசாக ஷாக் அடிக்கும். 'ஷாக் வேண்டாம், தப்பிக்கக் காசு வேண்டுமானாலும் தருகிறேன்' என்று முன்னாடி சொன்னவர்கள்தான் அத்தனை பேரும். கடைசியில் 18 ஆண்களில் 12 பேர் தாங்களே அமுக்கிக்கொண்டார்கள். 24 பெண்களில் 6 பேர்தான். ஒரு புண்ணியவான் 190 தடவை! நம் பையில் அந்தப் பட்டனுக்குப் பதிலாக செல்போன் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பதவியில் இருப்பவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் 1907-ல் உதவிக் கணக்கராகச் சேர்ந்தவர் வில்லியம் மெக்நைட். (நம்ம இனம் சார்!) தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், 1948 வாக்கில் ஒரு வழக்கம் கொண்டு வந்தார். டெக்னிகல் ஆசாமிகள் தங்கள் நேரத்தில் 15 சதவிகிதத்தைத் தங்கள் மனசுக்குப் பிடித்த யோசனைக்குச் செலவிடலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 6 மணி நேரம். எந்த முதலாளிக்கு மனசு வரும்?

அங்கே ஸ்பென்ஸர் சில்வர் என்ற விஞ்ஞானி 1968-ல் ஒரு பசை கண்டுபிடித்தார். ஒட்டும், ஆனால் சரியாக ஒட்டாது! பல வருஷம் அதைச் சீந்துவாரில்லை. ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர் சர்ச்சில் கோஷ்டிகானம் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளம் வைக்கும் துண்டுக் காகிதங்கள் விழுந்து விழுந்து கழுத்தறுத்தன. 1970-களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் நடந்து கொண்டிருக்கும்போது இவர் மனசு எங்கோ போக... பளிச்! 'அந்தப் பசையைக் காகிதத்தில் தடவினால் என்ன?' அதுதான் 1980-ல் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்த போஸ்ட்-இட். இன்றைக்கு உங்கள் மானிட்டர் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு 'மேனேஜரைப் பார்க்கவும்' என்று பயமுறுத்துகிறதே, அதேதான்.

நம் தேசத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1930 ஜனவரி. முழு சுதந்திரம் என்று காங்கிரஸ் அறிவித்தாகிவிட்டது. 'அடுத்து என்ன?' என்று தேசமே சபர்மதி ஆசிரமத்தைப் பார்க்கிறது. காந்தி அவசரப்படவில்லை. பார்க்க வந்த தாகூரிடம், இரவு பகலாக யோசித்தும் வெளிச்சம் தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். எதையாவது செய்து தொலைப்போம் என்று கிளம்பவில்லை. அந்த வெறுமையைத் தாங்கிக்கொண்டார். பிறகு வந்த பதில்... உப்பு! நேருவுக்கே முதலில் குழப்பம். இந்த உப்பு விவகாரம் தன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று வைஸ்ராய் இர்வின் லண்டனுக்கு எழுதினார். மார்ச் 12-ல் ஆரம்பித்த நடை, ஏப்ரல் 6-ல் ஒரு பிடி உப்பில் முடிந்தபோது தூக்கம் போனது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

இது எல்லாம் படித்துவிட்டு, நாளைக்கே ஆபீஸில் காலை நீட்டிவிடாதீர்கள். காந்திக்கு ஒரு கேள்வி இருந்தது. ஃப்ரைக்கு விழுகிற காகிதம் இருந்தது. பையனுக்கு நாலு நாள் கழுத்தறுப்பு இருந்தது. கேள்வியே இல்லாமல் சும்மா இருந்தால் வருவது யோசனை இல்லை, கொட்டாவி!

ஆனால் நாளைக்கு உங்களுக்கும் ஒரு தனி மேஜை, கீழே நாலு பேர் என்று வரும். அப்போது 'எல்லோரும் பிஸியாகத் தெரிய வேண்டும்' என்ற ஆசையும் கூடவே வரும். அதை மட்டும் அடக்குங்கள். வெறும் மீட்டிங் ஒன்றைக் குறையுங்கள். நீங்களும் கால் மணி நேரம் போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிஷம் நரகம். அப்புறம் பழகிவிடும்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு 'ஸாரி' இன்னும் பாக்கி. பி.காம். பாஷையில் சொன்னால், அவுட்ஸ்டாண்டிங் லயபிலிட்டி!

உங்கள் செக்ஷனில் யாராவது காக்காய் பார்த்துக் கொண்டிருந்தால், சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடுங்கள். முடிந்தால் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.