பீசோ ஆக்சுவேட்டர்: டேட்டா ஷீட்டில் இரண்டு எண்கள்... தப்பு நடப்பது எங்கே?

கிச்சனில் கேஸ் லைட்டரை 'டக்' என்று அழுத்துகிறோம். உள்ளே இருக்கும் குட்டி செராமிக் துண்டு மீது அடி விழுகிறது, சில ஆயிரம் வோல்ட் உருவாகி தீப்பொறி பறக்கிறது. இதுதான் பீசோ எலக்ட்ரிக் விளைவு. 1880-ல் பிரான்ஸில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது.

இதையே திருப்பிப் போடுங்க. செராமிக்குக்கு வோல்டேஜ் கொடுத்தால் அது நீளும். அப்படி நீண்டு தள்ளுகிற பாகம்தான் பீசோ ஆக்சுவேட்டர். சில டீசல் இன்ஜின்களின் இன்ஜெக்டரிலும், அணுக்களைப் படம்பிடிக்கும் மைக்ரோஸ்கோப்பிலும் இருப்பது இதுதான்.

எவ்வளவு நீளும்? ரொம்ப எதிர்பார்க்காதீங்க. தன் நீளத்தில் சுமார் 0.1 சதவீதம். 20 மி.மீ. துண்டு 20 மைக்ரான் நகரும். தலைமுடியின் தடிமன்கூட கிடையாது!

விசையும் நகர்வும் சேர்ந்து வருமா?

பெரிய குழப்பமே இங்கேதான். டேட்டா ஷீட்டில் '20 மைக்ரான், 800 நியூட்டன்' என்று போட்டிருப்பார்கள். 800 நியூட்டன் விசையோடு 20 மைக்ரான் தள்ளும் என்று நினைத்து டிசைன் போட்டால், பணம் கொடுத்து வாங்கிய ஆக்சுவேட்டர் பாதி தூரத்திலேயே நின்றுவிடும்.

காரணம், 20 மைக்ரான் என்பது எதிரே தடையே இல்லாதபோது. 800 நியூட்டன் என்பது கொஞ்சமும் நகர விடாமல் இறுக்கிப் பிடித்தபோது. அதே அளவு விறைப்புள்ள ஸ்பிரிங்கைத் தள்ளச் சொன்னால் கிடைப்பது 10 மைக்ரான், 400 நியூட்டன்தான்.

அப்போ மேலே எடை வைத்தாலும் நகர்வு குறையுமா? இல்லை, இது அடுத்த தப்பு. 10 கிலோவை வைத்தால் துண்டு சுமார் 2.5 மைக்ரான் அமுங்கும். ஆனால் வோல்டேஜ் கொடுத்ததும், அமுங்கிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட முழு 20 மைக்ரானும் நகரும். நகர்வைத் தின்பது எடை அல்ல, தள்ளத் தள்ள எதிர்ப்பு கூடுகிற ஸ்பிரிங் போன்ற சுமை.

பாதி வோல்டேஜ், பாதி நகர்வா?

அதுவும் இல்லை. வோல்டேஜ் ஏறும்போது 50 வோல்ட்டில் நின்ற இடம் வேறு, இறங்கும்போது அதே 50 வோல்ட்டில் நிற்கும் இடம் வேறு. இந்த வித்தியாசம் மொத்த நகர்வில் 10 முதல் 15 சதவீதம் வரை போகும். துல்லியம் வேண்டுமென்றால் இடத்தை அளக்கும் சென்சார் வைத்து, வோல்டேஜை அவ்வப்போது திருத்தியாக வேண்டும்.

'கரண்டே இழுக்காது' என்பார்கள். ஒரே இடத்தில் நிற்கும்போது உண்மைதான், ஏன்னா அது ஒரு கெபாசிட்டர் மாதிரி. ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வேகமாக நீட்டிச் சுருக்கினால், சார்ஜ் ஏற்றி இறக்கவே கணிசமான கரண்ட் வேண்டும். கூடவே செராமிக்கும் சூடாகும்.