ஒப்பனைக்கு ஆண் கார்டு, கூந்தலுக்குப் பெண் கார்டு

இந்திப் படத்தில் ஒரு பெண் கதாநாயகியாக நடிக்கலாம். அந்தக் கதாநாயகியின் முகத்துக்கு மேக்கப் போடும் வேலையை இன்னொரு பெண் செய்யக் கூடாது. 2014 வரை மும்பையில் இதுதான் நிலை. இதை வாய்மொழி வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒப்பனைக் கலைஞர்கள், உடையலங்காரக் கலைஞர்கள், சிகையலங்காரக் கலைஞர்கள் ஆகியோருக்கான சங்கமே 59 ஆண்டுகளாகக் கட்டிக்காத்த விதி இது. மேக்கப் கார்டு ஆண்களுக்கு, ஹேர் டிரஸ்ஸர் கார்டு பெண்களுக்கு. இந்த உறுப்பினர் கார்டு இல்லாதவர் படப்பிடிப்பில் வேலை செய்தால் சங்கம் தடுக்கும், அபராதம் கேட்கும். அதனால் திறமையுள்ள பெண்கள் கேரவனுக்குள் ஒளிந்து வேலை செய்தார்கள்.

வழக்கு

சாரு குரானா கலிபோர்னியாவில் ஒப்பனைக் கலை பயின்று டிப்ளமோ பெற்றவர். 2009-இல் அவர் மேக்கப் கார்டு கேட்டபோது சங்கம் மறுத்துவிட்டது. அவர் பெண் என்பதோடு, மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டுகள் வசிக்கவில்லை என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். பெண்களை அனுமதித்தால் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆண்களின் பிழைப்பு கெடும் என்பது சங்கத் தரப்பின் வாதம்.

குரானாவும் சக பெண் கலைஞர்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். நாம் இருப்பது 2014-இல், 1935-இல் அல்ல என்று நீதிபதிகள் விசாரணையின்போதே கண்டித்தார்கள். 2014 நவம்பர் 10-ஆம் தேதி, நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் அமர்வு அந்த விதிகளை ரத்து செய்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் உறுப்பினராக வயதைத்தான் கேட்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சட்டம் போடாத வேலியைச் சங்கம் போட்டது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கூலி வந்ததும் கை மாறும் வேலை

அலங்காரம் என்றாலே பெண்ணின் உலகம் என்கிறோம். அதற்குச் சம்பளமும் சங்கமும் வந்த இடத்தில் அது ஆணின் தொழிலாகிவிட்டது. சமையலும் இப்படித்தான். வீட்டு அடுப்படி அம்மாவுக்கு, கல்யாணச் சமையலின் கரண்டியும் கூலியும் மாஸ்டருக்கு. ஆகவே பெண்ணுக்கு இந்த வேலை வராது என்ற பேச்சில் உண்மை இல்லை. பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதே அங்கு கேள்வி. குடும்பத்தைச் சுமப்பவன் ஆண் என்ற ஒற்றைப் படிமம், தன் உழைப்பால் பிள்ளைகளை வளர்க்கும் எண்ணற்ற பெண்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தமிழ்த் திரையும் விலக்கல்ல. டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கினார். கேமராவுக்குப் பின்னால் பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளராக நின்ற 'சின்ன வீடு' வந்தது 1985-இல். முதல் கதவு திறந்த பிறகு அடுத்த கதவு திறக்க அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

கார்டு போதாது

சட்டம் உள்ளே விட்டாலும், உள்ளே நிலைத்து நிற்க வசதி வேண்டும். மலையாளத் திரையுலகை ஆராய கேரள அரசு 2017-இல் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் சுரண்டலோடு இன்னோர் அவலத்தையும் அது பதிவு செய்தது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள்.

ஒரு பெண் தாகத்தை அடக்கிக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டுமென்றால் அதைச் சமவாய்ப்பு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு திரைச் சங்கமும் எத்தனை பெண்களுக்குக் கார்டு தந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் அறிவிக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் உள்ளகப் புகார்க் குழுவும், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் இல்லாத தளத்தில் படப்பிடிப்புக்கு அனுமதி தரக் கூடாது. பெண்களை எப்படிக் காட்டுவது என்று திரை முடிவு செய்யும் இடத்தில் பெண்களும் சம்பளத்தோடு, உரிமையோடு இருக்க வேண்டும்.