குறி கன்னத்தில் இருக்கிறது

விஜயதசமியன்று பழநி மலைக்கோயிலின் பராசக்தி வேல் கோதைமங்கலம் கோதீஸ்வரர் கோயிலுக்கு வரும். அங்கே அம்பு போட்டு வன்னிகாசூரனை வதம் செய்வார்கள். திண்டுக்கல் பக்கம் பலருக்கு வில்லும் அம்பும் கண்ணில் படுவது இப்படித் திருவிழாவில்தான். மற்ற நாளில் பிள்ளைகள் கையில் இருப்பது ரப்பர் கட்டிய கவட்டை.

கவட்டைக்கு மூத்தது உண்டைவில். மூங்கில் வில்லில் இரட்டை நாண், நடுவே மண்ணுருண்டை வைக்கச் சின்னதாய் ஒரு மடி. சிறுவன் இராமன் கூனியின் முதுகைக் குறிவைத்தது இந்த வில்லால்தான் என்கிறார் கம்பர். விடும் நொடியில் வில் பிடித்த மணிக்கட்டைச் சற்றுத் திருப்ப வேண்டும். தவறினால் உண்டை கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும். குறி பார்த்துச் சரிசெய்ய இதில் அம்பின் நீளம்கூடக் கிடையாது. பார்வை போன இடத்துக்குக் கை போகிறது, அவ்வளவுதான். மரபு வில்லாளிகள் பலர் இன்றும் நம்புவது இந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

இன்னொரு வழி, அம்பின் முனையைப் பார்ப்பது. கிட்டத்து இலக்கு என்றால் முனையை இலக்குக்குக் கீழே நிறுத்த வேண்டும். தள்ளிப் போகப் போக அந்த இடைவெளி குறையும். ஒரு தூரத்தில் முனையே இலக்கை மறைக்கும். அதற்கும் அப்பால் முனை இலக்குக்கு மேலே ஏறும். ஒலிம்பிக் வில்லில் 70 மீட்டருக்குக் குறிகாட்டி பொருத்தியிருப்பார்கள். அது இல்லாத வெறும்வில் போட்டிக்கு 50 மீட்டர்.

எந்த வழியானாலும் நாண் இழுத்த கை வந்து நிற்கும் இடம் மாறக் கூடாது. ஆள்காட்டி விரல் கடைவாயைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் அங்கேயே தொட வேண்டும். துப்பாக்கியின் பின்குறி செய்யும் வேலையை இங்கே முகம் செய்கிறது. 70 செ.மீ. அம்பின் முனை அசையாமல், பின்கை மட்டும் 1 செ.மீ. இறங்கினால் போதும்: 20 மீட்டரில் அம்பு கால் மீட்டருக்கும் மேலாக உயர்ந்துவிடும். தவறு கன்னத்தில் இருக்க, பழியைக் கண்மேல் போடுகிறோம்.

ஆகவே புதிதாக வில் எடுக்கும் பிள்ளைக்கு உடனே இலக்கைக் காட்டாதீர்கள். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வட்டம் எதுவும் ஒட்டாத தடித்த வைக்கோல் கட்டுக்கு நாலடி முன்னால் நிறுத்துங்கள். நாணை இழுத்ததும் கண்ணை மூடச் சொல்லுங்கள். விரல் கடைவாயில் பட்டதா, முதுகு இறுகியதா என்று அவனே உணரட்டும். பிறகு விடட்டும். சில வாரம் இதுவே பாடம். தினம் முப்பது அம்பு போதும். தோள் சோர்ந்தபின் விடும் அம்பு கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.