முன்னோட்டமும் எதிர்பார்ப்பும்: யப்பானியச் சித்திரப் படங்கள் குறித்து

நூலுக்குப் பாயிரம் எத்தன்மைத்தோ, இக்காலத் திரைப்படத்துக்கு முன்னோட்டம் அத்தன்மைத்து. நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைப் பாயிரம் உணர்த்தல் வேண்டும் என்பர் இலக்கண நூலார். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் தகாது. அவனுடைய ஆசிரியனோ, உடன்கற்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்தல் வேண்டும் என்றும் விதித்தனர். முன்னோட்டத்தையும் பெரும்பாலும் நெறியாளர் அல்லாத பிறரே தொகுக்கின்றனர். ஆயின், பாயிரஞ் செய்வோன் நூலை முற்றக் கற்றவன். முன்னோட்டஞ் செய்வோனோ விற்பனையை முன்னிட்டுச் செய்பவன். படம் முற்றுப்பெறு முன்னரே அதனைச் செய்து கொடுக்கும் கடப்பாடும் பல வேளைகளில் அவனுக்கு உண்டு.

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரப் படங்களிலே இவ்விடர்ப்பாடு பெரிது. நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில் எடுத்துக் குவித்த காட்சிகளிலிருந்து வேண்டியவற்றைத் தெரிந்து கோக்கலாம். சித்திரப் படத்திலோ வரையப்படாத காட்சி இல்லாத காட்சியே. ஆகவே, முடிந்த சில துண்டுகளைக் கொண்டோ, முன்னோட்டத்துக்கென்றே சில படங்களைப் புதிதாக வரைந்தோ காட்ட நேரிடுகின்றது. ஹயாவோ மியசாக்கி போன்றோர், கதையைக் காட்சி காட்சியாக வரையும் ஏடு முடியு முன்னரே பட வேலையைத் தொடங்குவர். முடிவு இன்னதென்று படைப்போரே அறியாத காலத்தில், காண்போருக்கு எதனை வாக்களிப்பது?

இது மன்னிக்கத்தக்க தவறு. மன்னிக்கத்தகாததும் உண்டு. மியசாக்கி 1984இல் ஆக்கிய ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா’ என்னும் படத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று 1985இல் ‘காற்றின் போர்வீரர்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டது. ஏறத்தாழ 22 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டன. போரைத் தடுக்க முயலும் இளவரசியின் கதை அது. விளம்பரப் படத்திலோ கதையில் எங்கணும் வாராத ஆடவர் சிலர் படைக்கலந் தாங்கி முன்னே நிற்க, இளவரசி பின்னே தள்ளப்பட்டாள். போர்க்கதை எனக் கருதி வந்தவனும் ஏமாந்தான். இளவரசியின் கதையை விரும்பத்தக்கவனோ வாராமலே போனான். இவ்வனுபவத்தின் பின்னரே, தம் படங்களைப் பிறநாட்டார் வெட்டுதல் கூடாது என்பதில் மியசாக்கி குழுவினர் உறுதி பூண்டனர்.

அதே நௌசிக்கா படத்தில், பூத வீரன் உருகிச் சிதையும் காட்சியை வரைந்த இளைஞர் ஹிதெயாக்கி அன்னோ. பிற்காலத்தில் இவர் ஆக்கிய எவாங்கெலியன் படவரிசையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இரண்டாம் படம் 2009ஆம் ஆண்டு யூன் 27ஆந் தேதி வெளிவந்தது. அதன் இறுதியில் சிஞ்சி என்னும் சிறுவன், உலகம் என்னவாயினும் ஆகுக என்று துணிந்து, ரெய் என்னும் சிறுமியை மீட்கின்றான். பல்லாண்டு காலமாகக் கோழையென்று கருதப்பட்ட சிஞ்சி ஆண்மையுற்றானென்று அன்பர்கள் களிகூர்ந்தனர். படம் முடிந்ததும் அடுத்த படத்தின் முன்னோட்டம் தோன்றிற்று: உறையவைக்கப்பட்ட பொறியுரு, கைவிடப்பட்ட கோட்டை நகர், சிறைப்பட்ட அலுவலர், ஒரு கண்ணை மறைத்த ஆசுக்கா, இறுதியில் ஒன்று கூடும் சிறுவர்கள்.

மூன்றாண்டுக்கு மேலாக அன்பர்கள் இக்காட்சிகளை ஆராய்ந்து கதை புனைந்து காத்திருந்தனர். 2012ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் தேதி மூன்றாம் படம் வந்தபோது, முன்னோட்டம் உரைத்த நிகழ்ச்சிகள் அதிற் காட்டப்படவில்லை. கதை 14 ஆண்டுகளைத் தாண்டிச் சென்றிருந்தது. துயிலெழுந்த சிஞ்சியை முன்னாள் நண்பர்கள் பகைவனாக நோக்குகின்றனர். கழுத்திலே வெடிக்கும் வளையம் பூட்டுகின்றனர். ரெய்யை மீட்ட அச்செயலே உலகின் பேரழிவுக்கு வித்தாயிற்று என்பதை அவன் பின்னரே அறிகின்றான்.

பலர் சினந்தனர். வாக்களித்ததைத் தராமை ஏமாற்று என்றனர். அச்சினம் நியாயமற்றது என்று நான் கூறேன். காசு கொடுத்தவன் கேட்கும் உரிமை உடையவனே. எனினும் இதனைக் காற்றின் போர்வீரரோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. முன்னோட்டத்தில் வந்தவை சிஞ்சி அறியாத அந்த 14 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன என்று கொள்ள இடமுண்டு. அவன் இழந்த காலத்தையே நாமும் இழந்தோம். ஒருவரும் விடை கூறாத அவ்வுலகில் அவன் திகைத்தவாறே படமாளிகையில் இருந்தோரும் திகைத்தனர். அன்றியும், 2009இல் நாம் கைதட்டிய செயலே குற்றமாக நம்முன் வைக்கப்படுகின்றது. முன்னோட்டம் மெய்யாகவே நிறைவேறியிருப்பின் இவ்வுணர்ச்சி நமக்கு வாய்த்திராது. இதனை அன்னோ முன்னரே திட்டமிட்டாரா, இடையில் மனம் மாறினாரா என்பது வேறு வினா. சினந்தவர்களும் அகன்றுவிடவில்லை: 2021 மார்ச்சில் வெளியான இறுதிப் படம் யப்பானில் 1,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டிற்று.

இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டவர் தயாரிப்பாளர் தொஷியோ சுசுக்கி. மியசாக்கியின் ‘நீங்கள் எவ்வாறு வாழப் போகின்றீர்கள்’ 2023 யூலை 14ஆந் தேதி யப்பானில் வெளியானபோது முன்னோட்டமில்லை, பத்திரிகை விளம்பரமில்லை, நாரை முகமொன்று தீட்டிய ஒற்றைச் சுவரொட்டி மாத்திரமே இருந்தது. அலகின் கீழே மற்றுமொரு கண் எட்டிப் பார்க்கும். இளமையில் சுவரொட்டியையும் பெயரையும் மாத்திரம் கண்டு படத்தைக் கற்பனை செய்த இன்பத்தை இன்றையோர் இழந்தனர் என்பது சுசுக்கியின் கருத்து.

ஆயினும் வாய்வாளாமையும் ஒருவகை வாக்கே. அப்பெயர் கென்சபுரோ யோஷினோ 1937இல் எழுதிய நூலின் பெயர். 2017இல் அது சித்திரக்கதையாக வந்து பெரிதும் விற்பனையாயிற்று. அந்நூலின் கதையையே திரையிற் காண்போம் என்று எண்ணிச் சென்றோர் பலராதல் கூடும். படத்திலோ அந்நூல், இறந்த தாய் மகனுக்கு விட்டுச் சென்ற ஏடாக ஒருமுறை தோன்றி மறைகின்றது. கதை முற்றும் வேறு. மியசாக்கி என்னும் பெயரும் எந்த முன்னோட்டத்தினும் வலிய முன்னோட்டமன்றோ?

அந்த மௌனமும் யப்பான் எல்லையோடு நின்றது. அமெரிக்காவில் அவ்வாண்டு டிசெம்பரில் படம் வெளியாகு முன்னரே முன்னோட்டம் காட்டப்பட்டது. பெயரும் ‘சிறுவனும் நாரையும்’ என மாறிற்று. நாரை எத்தகையது என்பதை அந்நாட்டார் அறிந்துகொண்டே படமாளிகையினுள் நுழைந்தனர்.